திருடனைக் கண்டுபிடி! – நம்புதலும் நீக்குதலும் பற்றி ஒரு கணக்கு

(இளம் அறிவியல் – கணிதம், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

விளையாட்டு என்றவுடன் அதனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஆனால் நம் முன்னோர் ஆடிய ஆட்டங்களைச் சற்று ஊன்றிப் பார்த்தால் அவை ஒவ்வொன்றிலும் ஒரு கலை மறைந்திருப்பது புலப்படும். பல்லாங்குழி எண்ணக் கற்றுத் தருகிறது. ஆடுபுலி ஆட்டம் வலியவர் சிலரை எளியவர் பலர் ஒன்றுகூடி எவ்வாறு மடக்கலாம் என்பதைக் காட்டுகிறது. 3 புலிகளை 15 ஆடுகள் அசையவிடாமல் கட்டிவிடுகின்றன.

ஆடுபுலி ஆட்டத்தில் ஒரு வசதி உண்டு. எது புலி, எது ஆடு என்பது இருவருக்கும் தெரியும். ஆட்டுத்தோல் போர்த்திய புலியொன்று மந்தைக்குள்ளேயே நின்று, "புலி எங்கே? வாருங்கள், தேடுவோம்!" என்று கூவினால் ஆடுகளின் கதி என்னவாகும்? மந்தை ஒன்றையொன்று ஐயுறும். புலியென்று எண்ணி ஆட்டையே வெளியேற்றும். புலியோ சிரித்துக்கொண்டிருக்கும். இந்த நிலையை வைத்து அமைந்த விளையாட்டுகள் உலகெங்கும் உள்ளன. அவற்றில் ஒன்றை நாம் எல்லோரும் சிறுவயதில் திண்ணையில் ஆடியிருக்கிறோம். அந்த ஆட்டத்தின் கணக்கையும், அது வாழ்க்கைக்குச் சொல்லும் செய்தியையும் என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

ராஜா, ராணி, போலீஸ், திருடன்

துண்டுக் காகிதத்தில் பெயர்களை எழுதி, மடித்து, குலுக்கிப் போட்டு ஆளுக்கொன்றாக எடுக்கும் சீட்டு விளையாட்டை அறியாதவர் நம் கல்லூரியில் இருக்கமாட்டார்கள். பெயர்களும் மதிப்பெண்களும் ஊருக்கு ஊர் மாறும். எங்கள் தெருவில் ஆறு பேர் ஆடுவோம். ராஜாவுக்கு 1000, ராணிக்கு 900, மந்திரிக்கு 800, தளபதிக்கு 700, போலீசுக்கு 500, திருடனுக்குச் சுழி. ராஜா தன்னை அறிவித்து, "போலீஸ் யார்? திருடனைக் கண்டுபிடி!" என்று ஆணையிடுவார். போலீஸ் எழுந்து மற்ற நால்வரையும் உற்றுப் பார்த்து ஒருவரைச் சுட்டவேண்டும். சரியாகச் சுட்டினால் 500 போலீசுக்கு. தவறினால் அந்த 500 திருடனுக்குப் போய்விடும்.

இந்தக் கடைசி விதிதான் ஆட்டத்தின் உயிர்நாடி. திருடன் எதையும் திருடுவதில்லை. போலீசின் பிழையே அவனுடைய வருமானம்! குற்றமற்றவர்மீது விழும் ஒவ்வொரு சுட்டுவிரலும் குற்றவாளிக்குக் கொடுக்கும் பரிசாகும் என்ற பெரிய உண்மையைச் சிறுவர்கள் மதிப்பெண் கணக்கில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நால்வரில் ஒருவர் திருடர். கண்ணை மூடிக்கொண்டு சுட்டினால் சரியாக அமையும் நிகழ்தகவு 1/4. எனவே போலீசின் எதிர்பார்ப்பு மதிப்பு 500-இல் கால்பங்கு, அதாவது 125. திருடனுக்கு 375. ஆராயாமல் சுட்டும் காவலரைவிடத் திருடன் மும்மடங்கு லாபம் அடைகிறான்.

ஆனால் போலீஸ் கண்ணை மூடிக்கொள்வதில்லை, முகத்தைப் படிக்கிறார். ஒருவன் தலையைக் குனிந்துகொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய பழக்கம் நமக்குத் தெரியும்: திருடன் சீட்டு வந்தால் நான்கில் மூன்று முறை தலைகுனிவான், வேறு சீட்டு வந்தால் நான்கில் ஒரு முறைதான் குனிவான். இப்போது அவன் குனிந்திருக்கிறான். அவன் திருடனாக இருக்கும் வாய்ப்பு என்ன? நம்மில் பெரும்பாலோர் "முக்கால்" என்று சொல்லிவிடுவோம். கணக்கு அவ்வாறு சொல்லவில்லை.

பதினாறு ஆட்டங்களை எண்ணிப் பாருங்கள். சராசரியாக நான்கு ஆட்டங்களில் அவனுக்குத் திருடன் சீட்டு வரும். அவற்றில் மூன்றில் தலைகுனிவான். மற்றப் பன்னிரண்டு ஆட்டங்களில் அவன் குற்றமற்றவன். அவற்றிலும் கால்பங்கு, அதாவது மூன்று ஆட்டங்களில் தலைகுனிவான். ஆக அவன் குனியும் ஆறு முறைகளில் மூன்றில்தான் அவன் திருடன். வாய்ப்பு சரிபாதியே! வலுவான அடையாளம் என்று நாம் கருதியது கால்பங்கு ஐயத்தை அரைப்பங்காக உயர்த்தியதே தவிர உறுதியாக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் பேயிசு என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் பெயரால் வழங்கும் தேற்றம் இதுதான். நம் பாடப்புத்தகத்தில் சூத்திரமாக இருக்கும் அதே தேற்றம் திண்ணையில் முகமாக அமர்ந்திருக்கிறது.

இந்த ஆட்டத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. ராணி, மந்திரி, தளபதி மூவருக்கும் மதிப்பெண் முன்பே உறுதி. போலீஸ் வென்றாலும் தோற்றாலும் அவர்களுக்கு ஒரு குறையுமில்லை. அதனால்தான் ராணிச் சீட்டு வைத்திருப்பவன் வேண்டுமென்றே திருடனைப் போல விழிக்கிறான். மந்திரி பொய்யாகச் சிரிக்கிறான். இழப்பில் பங்கில்லாதவன் சொல்லும் சாட்சிக்கு மதிப்பில்லை என்பது இங்கு நாம் கற்கும் முதல் பாடம்.

மாஸ்கோ மாணவர் தந்த ஆட்டம்

வேடிக்கை பார்க்கும் அந்த மூவருக்கும் இழப்பில் பங்கு வைத்தால் என்ன ஆகும்? 1986-ஆம் ஆண்டில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழக உளவியல் துறையில் பயின்ற திமித்ரி தவீதொவ் என்பவர் அப்படியோர் ஆட்டத்தை அமைத்தார். அதற்கு மாஃபியா என்று பெயர். அது மாணவர் விடுதிகள் வழியாகவே நாடு நாடாகப் பரவியது. 1997-இல் அமெரிக்கரான ஆண்ட்ரூ பிளாட்கின் அதனை ஓநாய் மனிதர் கதையாக மாற்றியமைத்தார். 2018-இல் வெளிவந்து 2020-ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசிகளிலெல்லாம் இடம்பிடித்த 'அமாங் அஸ்' என்ற ஆட்டமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஆட்டம் எளியது. ஒருவர் நடத்துநர். மற்றவர்களுக்கு இரகசியமாகச் சீட்டு வழங்கப்படும். சிலர் கள்வர், மற்றவர் ஊரார். 'இரவு' என்றதும் அனைவரும் கண்களை மூடுவர். கள்வர் மட்டும் கண் திறந்து, ஒருவரையொருவர் அறிந்துகொண்டு, ஊராரில் ஒருவரைச் சைகையால் சுட்டுவர். 'பகல்' என்றதும் அவர் ஆட்டத்தைவிட்டு நீங்குவார். பிறகு எஞ்சியவர்கள் கூடிப் பேசி, வாக்களித்து, கள்வர் என்று கருதும் ஒருவரை நீக்குவார்கள். நீக்கப்பட்டவர் தம் சீட்டைக் காட்டுவார். மறுபடியும் இரவு. கள்வர் அனைவரும் நீங்கினால் ஊருக்கு வெற்றி. கள்வர் எண்ணிக்கையும் ஊரார் எண்ணிக்கையும் சமமானால் கள்வருக்கு வெற்றி.

கள்வர் சிலர், ஆனால் அவர்களுக்கு யார் யார் என்பது தெரியும். ஊரார் பலர், ஆனால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அறிந்த சிறுபான்மைக்கும் அறியாப் பெரும்பான்மைக்கும் நடக்கும் போர் என்று இதனைச் சுருக்கமாகக் கூறலாம்.

நீக்குதலின் கணக்கு

ஊரார் எதையும் ஆராயாமல் குருட்டாம்போக்கில் வாக்களித்தால் என்ன நடக்கும்? முடிவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கணக்கிடுவோம்.

பகலில் மூவர் எஞ்சியிருக்கின்றனர். அவர்களில் ஒருவர் கள்வர். ஊர் வெல்லும் வாய்ப்பு 1/3. தவறினால் இருவர் எஞ்சி எண்ணிக்கை சமமாகிவிடும், ஆட்டம் முடிந்தது.

ஐவரில் ஒருவர் கள்வர் என்றால், முதற்பகலிலேயே பிடிபடும் வாய்ப்பு 1/5. தவறும் வாய்ப்பு 4/5. தவறினால் ஒருவர் பகலிலும் ஒருவர் இரவிலும் நீங்கி மூவராகின்றனர். அங்கு வாய்ப்பு 1/3. ஆக மொத்தம் 1/5 + 4/15 = 7/15.

ஐவரில் இருவர் கள்வர் என்றால், முதல் வாக்கெடுப்பிலேயே ஒரு கள்வர் பிடிபட்டாகவேண்டும் (2/5). பிறகு இரவு கழிந்து மூவராகும்போது மற்றவரும் பிடிபடவேண்டும் (1/3). வாய்ப்பு 2/15 மட்டுமே.

ஏழு பேரில் ஒருவர் கள்வர் என்றால் ஊரின் வாய்ப்பு 1/7 + (6/7 × 7/15) = 19/35, அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு 54. அதே ஏழு பேரில் இருவர் கள்வர் என்றால் (2/7 × 7/15) + (5/7 × 2/15) = 8/35, அதாவது நூற்றுக்கு 23 மட்டுமே. ஊராரில் ஒரேயொருவர் கள்வராக மாறியதும் ஊரின் வாய்ப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஐவர் நல்லவர், இருவர் தீயவர். பெரும்பான்மை நல்லவர்களிடமே இருக்கிறது. இருந்தும் அவர்கள் தோற்கிறார்கள். எண்ணிக்கை மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்னுமொரு விந்தையைக் காணுங்கள். பகலில் நால்வர் இருக்கின்றனர், ஒருவர் கள்வர். உடனே வாக்களித்தால் வாய்ப்பு 1/4. அன்று யாரையும் நீக்காமல் விட்டுவிட்டால்? இரவில் ஒருவர் நீங்குவார், மூவராவர், மறுநாள் வாய்ப்பு 1/3. பொறுத்திருந்தால் வாய்ப்பு கூடுகிறது! காரணம் எளிது. நால்வராக இருந்தாலும் மூவராக இருந்தாலும் ஊருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாக்கெடுப்புதான். அந்த ஒன்றை நால்வர் நடுவே செலவிடுவதைவிட மூவர் நடுவே செலவிடுவது மேல். பொறுமைக்கும் ஒரு விலை உண்டு. நல்லவர் ஒருவரை இரவில் இழக்கிறோம். ஆயினும், "யாரையாவது உடனே வெளியேற்றியாக வேண்டும்" என்ற பதற்றம் எப்போதும் ஊருக்கு நன்மை செய்யாது என்பதைக் கணக்கே ஒப்புக்கொள்கிறது.

இந்த ஆட்டத்தை அறிஞர்களும் ஆராய்ந்துள்ளனர். மார்க் பிரேவர்மன், ஒமித் எத்தேசாமி, எல்ச்சனன் மோசல் ஆகிய மூவர் 2008-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், ஆட்டக்காரர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டிய அளவு கள்வர் இருந்தாலே இரு தரப்பும் ஈடுகொடுக்கும் நிலை வரும் என்று நிறுவினர். ஆயிரம்பேர் கொண்ட ஊரைக் கலக்கச் சில பத்துப்பேர் போதும் என்பது இதன் பொருள். ஆனால் ஊராரில் ஒருவருக்கு ஒற்றர் வேலை தரப்பட்டு, அவர் இரவுதோறும் ஒருவருடைய சீட்டை நடத்துநரிடம் கேட்டறியலாம் என்றால் நிலைமை தலைகீழாகிறது. அப்போது கள்வர் ஈடுகொடுக்க வேண்டுமானால் மொத்த எண்ணிக்கையில் ஒரு குறிப்பிட்ட பங்கினராகவே இருந்தாக வேண்டும். சோதித்து அறிந்த செய்தி ஒன்று, சோதியாத ஊகங்கள் பலவற்றைவிட வலியது என்பதையே இம்முடிவு உணர்த்துகிறது.

யாரை நம்புவது?

கணக்கு இவ்வளவு சொன்ன பிறகு, யாரை நம்புவது என்ற கேள்வி எஞ்சுகிறது. விடுதி நண்பர்களுடன் இவ்வாட்டத்தைப் பலமுறை ஆடியும், அதைவிடப் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்தும் நான் கண்ட சில நெறிகளை இங்குத் தொகுத்துத் தருகிறேன்.

முதலாவது, வாய்ச்சொல்லைவிட வாக்கை நினைவில் கொள்ளவேண்டும். பேச்சுக்குச் செலவில்லை, யாரும் எதுவும் பேசலாம். ஆனால் யார் யாருக்கு எதிராகக் கை தூக்கினார் என்பது மாறாத சான்று. ஒரு கள்வர் பிடிபட்டவுடன், முந்திய பகல்களில் அவரைக் காப்பாற்றியவர் யார், வெற்றி உறுதியான பின்பு கடைசியாகக் கை தூக்கியவர் யார் என்று பின்னோக்கிப் பார்த்தால் இரண்டாமவரின் தடம் தெரியும்.

இரண்டாவது, சரிபார்க்கத்தக்க சொல்லுக்கே எடை தரவேண்டும். "என்மேல் ஆணை, நான் நல்லவன்" என்பதை எவ்வாறு சோதிப்பது? "நேற்று இரவு இன்னாரைச் சோதித்தேன், அவர் கள்வர்" என்றால் சோதிக்கலாம். அவரை நீக்கிச் சீட்டைப் பார்த்தால் போதும்.

மூன்றாவது, முரணைப் பயன்படுத்தவேண்டும். ஒற்றர் ஒருவரே இருக்கும் ஆட்டத்தில் இருவர் எழுந்து, "நானே ஒற்றர்" என்கின்றனர் என்று கொள்வோம். பலர் இதைக் குழப்பம் என்று அஞ்சுகின்றனர். உண்மையில் இது ஊருக்குக் கிடைத்த வரம். ஊரார் பொய் சொல்வதில்லை என்றால் இருவரில் ஒருவர் உறுதியாகக் கள்வர். அவர்களில் ஒருவரை நீக்கினால் வாய்ப்பு சரிபாதி. தவறாக உண்மை ஒற்றரையே நீக்கிவிட்டாலும் மற்றவர் கள்வர் என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். மறுநாள் அவரை ஐயமின்றி நீக்கலாம். ஏழு பேர், இரு கள்வர் ஆட்டத்தில் இவ்விழப்பை ஊர் தாங்கிக்கொள்ளும். அதன் பிறகும் மூவரில் ஒருவர் கள்வர் என்ற நிலையில் அதற்கு ஒரு வாக்கெடுப்பு மிஞ்சும்.

நான்காவது, நான்கு பேர் சொன்னார்கள் என்பதற்கும் நான்கு சாட்சிகள் இருக்கிறார்கள் என்பதற்கும் வேறுபாடு அறியவேண்டும். முதல்வர் சொன்னதைக் கேட்டு இரண்டாமவர், அவரைக் கேட்டு மூன்றாமவர், நான்காமவர் என்று வந்தால் அங்கே இருப்பது ஒரே சாட்சிதான். அந்த முதல்வர் கள்வராக இருந்துவிட்டால் ஊரே அவருக்கு வாயாகிவிடும்.

ஐந்தாவதாக ஒன்றைச் சொல்லவேண்டும். எனக்கு அதுவே மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது. எங்கள் ஆட்டங்களில் முதற்பகலில் நீக்கப்படுபவர் பெரும்பாலும் வாயில்லாப் பூச்சிகள்தாம். "ஏன் பேசாமல் இருக்கிறாய்? நீதான் திருடன்!" என்று ஒருவர் சொன்னால் போதும், கைகள் உயர்ந்துவிடும். நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். கூட்டத்தில் எழுந்து பேச அவர்களுக்குக் கூச்சம். குற்றஞ்சாட்டினால் முகம் சிவந்து நாக்குழறும். அந்தக் குழறலையே குற்றத்தின் அடையாளம் என்று கொள்கிறோம். கள்வர் சீட்டு வந்த பேச்சாளரோ சரளமாகப் பேசிக் கடைசிவரை நின்றுவிடுகிறார். மேலே கண்ட தலைகுனிவுக் கணக்கை இங்குப் பொருத்திப் பாருங்கள். எப்போதும் தலைகுனிந்திருப்பவன் இன்று தலைகுனிந்தால் அது எதையும் காட்டாது. வழக்கத்திலிருந்து மாறியதுதான் செய்தி; வழக்கமே செய்தியாகாது.

மதுரையில் நடந்த ஆட்டம்

தமிழ் இலக்கியம் பயின்றோர்க்கு இந்த ஆட்டம் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் இதன் மிகக் கொடிய வடிவம் நடக்கிறது. அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லன். அவனிடமே கோவலன் தன் மனைவியின் சிலம்பை விற்கக் காட்டுகிறான். "திருடன் அகப்பட்டான்" என்று அரசனிடம் ஓடிச் சொல்பவன் உண்மைத் திருடனே! தன்மேல் விழவேண்டிய விரலைப் பிறன்மேல் திருப்புவது கள்வரின் முதல் உத்தி என்பதை இளங்கோவடிகள் என்றோ காட்டிவிட்டார்.

அங்கும் ஐயுற்றவர்கள் இருந்தனர். கொலைக்களத்துக்குச் சென்ற காவலர், கோவலனின் தோற்றத்தைக் கண்டு இவன் கள்வனாக இருக்கமுடியாது என்று தயங்கினர். ஆனால் சரளமாகப் பேசத் தெரிந்தவன் பொற்கொல்லன். கள்வர் கையாளும் மந்திரம், மருந்து, நிமித்தம் முதலிய எட்டு வழிகளை அடுக்கி அவர்கள் வாயை அடைத்துவிட்டான். அவன் சொன்னவை கள்வரைப் பற்றிய பொதுச் செய்திகள். கோவலனைப் பற்றிய சான்று அவற்றில் ஒன்றுகூட இல்லை. அந்த வேறுபாட்டை உணர்வதற்குள் கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசிவிட்டான்.

சோதனை இல்லாமலா போயிற்று? கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். அரசியின் சிலம்பில் முத்துப் பரல். உடைத்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அந்தச் சோதனை நடந்தது. ஆனால் நீக்கிய பிறகு நடந்தது. முதலில் நடந்திருக்க வேண்டியது பின்னால் நடந்ததால் ஒரு பேரரசன் உயிர் துறந்தான், மாநகரம் எரிந்தது.

திருவள்ளுவர் இதற்கெனவே 'தெரிந்துதெளிதல்' என்று ஓர் அதிகாரம் (51) வகுத்துள்ளார். ஒருவனது குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே ஆராய்ந்து மிகுதியானதைக் கொள்ளவேண்டும் என்கிறார். ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே தீராத் துன்பம் தரும் என்று அதிகாரத்தை முடிக்கிறார். ஐயத்துக்கும் நம்பிக்கைக்கும் இடையே அவர் வைப்பது ஆராய்ச்சி என்ற ஒரே பாலத்தைத்தான்.

நம் நாட்டு ஆட்சிமுறையிலும் இச்சிந்தனை இருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்து (919, 921) உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறையில், ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவதற்கு முன்பே நீக்க வேண்டியவர்கள் நீக்கப்பட்டனர். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் ஓலையில் பெயர் எழுதப்பெறும் தகுதியை இழந்தனர். எஞ்சியோர் பெயர்களைக் குடத்திலிட்டுக் குலுக்கி ஒரு சிறுவனைக்கொண்டு எடுத்தனர். உறவினரையும் சேர்த்து விலக்கியதை இன்று நாம் ஏற்கமாட்டோம். ஆயினும் கணக்கு என்ற சரிபார்க்கத்தக்க சான்றை முன்வைத்து நீக்கியது போற்றத்தக்கது.

விளையாட்டு விபரீதமாகும் இடம்

விளையாட்டில் தவறாக நீக்கப்பட்டவர் சிரித்துக்கொண்டே எழுந்து அடுத்த ஆட்டத்துக்கு வந்துவிடுவார். வாழ்க்கையில் அப்படி வரமுடியாது.

1871-இல் ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றியது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது சென்னை மாகாணத்திலும் நுழைந்தது. ஒருவன் செய்ததைப் பாராமல் பிறந்த குலத்தைப் பார்த்து அவனைத் திருடன் என்று பதிவு செய்தது அச்சட்டம். கைரேகை எடுத்தார்கள், இரவுதோறும் காவல் நிலையத்தில் ஆஜராகச் சொன்னார்கள். அதனை எதிர்த்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. சீட்டைப் பிரிக்காமலே பிறப்பைப் பார்த்து ஓர் இனத்தையே திருடன் என்ற ஆட்டம் அது.

அண்மைக் காலத்திலும் நாம் பாடம் கற்றுவிடவில்லை. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் நுழைந்துவிட்டார்கள் என்ற வதந்தி கைப்பேசிகள் வழியாகப் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் வட்டாரத்துக்குக் குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். அதனைக் கண்டு ஐயுற்ற கூட்டம் அவரை அடித்துக் கொன்றுவிட்டது. உடன் வந்தோரும் படுகாயமுற்றனர்.

இந்த ஐயத்தைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஒரு வட்டாரத்துக்கு வரும் பத்தாயிரம் வெளியூராரில் ஒருவர் பிள்ளை பிடிப்பவர் என்றே கொள்வோம். அவர் தவறாமல் இனிப்புக் கொடுப்பார் என்றும் கொள்வோம். நல்லவர்களில் இருபதில் ஒருவர் குழந்தையைக் கண்டால் இனிப்புக் கொடுப்பார் என்று வைத்தால், இனிப்புக் கொடுக்கும் நல்லவர் ஏறத்தாழ ஐந்நூறு பேர், தீயவர் ஒருவர். இனிப்பைக் கண்டு ஒருவரைத் தண்டிப்பவர் ஐந்நூறு நல்லவர்களைத் தாக்கி ஒரு கள்வரைப் பிடிக்கிறார். வதந்தியை எத்தனை ஆயிரம்பேர் அனுப்பினாலும் அது ஒரே சாட்சிதான் என்ற நான்காவது நெறியையும் இங்கு நினைத்துக்கொள்ளுங்கள். நம் புதுக்கோட்டை மாவட்டத்திலும் வழி கேட்டு வரும் முதியவர்கள் இருக்கிறார்கள். குலதெய்வக் கோயில்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவ்வூரில் நடந்தது நம் ஊரில் நடக்காது என்று சொல்வதற்கு நாம் கற்றவர்களாக இருந்து தடுப்பதைத் தவிர வேறு உறுதி எதுவும் இல்லை.

பத்துக் குற்றவாளிகள் தப்பினாலும் ஒரு நிரபராதி துன்புறலாகாது என்று பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் எழுதினார். இதனைச் சிலர் இரக்கத்தின் மொழி என்பர். எங்கள் தெருச் சீட்டாட்டத்தின் மதிப்பெண் கணக்கும் அதையே வேறு வகையில் சொல்கிறது: நிரபராதியைச் சுட்டும்போது ஒரு நல்லவரை இழக்கிறோம், கள்வருக்குப் பரிசும் கொடுக்கிறோம். ஆகவே அது இரக்கத்தின் மொழியாக இருப்பதோடு கணக்கின் மொழியாகவும் இருக்கிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில செய்திகள் தெளிவாகின்றன. நல்லவர் பெரும்பான்மையாக இருப்பது மட்டும் ஓர் ஊரைக் காப்பாற்றாது. முகக்குறி ஐயத்தைச் சற்றே உயர்த்தும், உறுதியைத் தராது. செலவில்லாத சொல்லைவிடச் சரிபார்த்த செய்தி வலியது. எல்லோரும் சொல்கிறார்கள் என்றால் முதலில் சொன்னவர் யார் என்று கேட்கவேண்டும். சோதனைக்கு வழியிருக்கும்போது தண்டனையை முந்தவிடக் கூடாது.

எவரையும் நம்பாதே என்று இந்த ஆட்டம் கற்பிப்பதாகச் சிலர் குறை கூறுவர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. எவரையும் நம்பாத ஊர் கூடி வாக்களிக்க முடியாமல் ஒவ்வோர் இரவும் ஒருவரை இழந்து முதலிலேயே தோற்கும். எல்லோரையும் நம்பும் ஊரும் தோற்கும். ஆராய்ந்து நம்பத் தெரிந்த ஊருக்கே வெல்லும் வாய்ப்பு உண்டு. நாளை நம்மில் சிலர் ஆசிரியராவோம், சிலர் காவல்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் செல்வோம், எல்லோருமே வாக்காளராவோம். அன்று ஒருவரை நோக்கி விரல் நீட்டவேண்டி வரும்போது, "இவர்மேல் என்னிடம் என்ன சான்று இருக்கிறது? அதை நான் சரிபார்த்தேனா?" என்ற இரு கேள்விகளை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோமாக. வகுப்பில் வாய் திறவாத தோழனிடமும் தோழியிடமும் அந்த நியாயத்தை இன்றே காட்டத் தொடங்குவோமாக.